விளக்கு பழுதில்லை, விசைப்பலகையை மாற்றாதீர்கள்

எஃப்2 விசையில் விமானப் படத்தோடு இருக்கும் சின்ன விளக்கு சொல்வழி கேட்காவிட்டால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். எங்கள் மாமா ஓடினார். யாழ்ப்பாண நகரில் ஒரு திருத்துமிடத்தில் "லைற்றுக்குப் போற லைன் அடிபட்டிட்டுது ஐயா" என்று சொல்லி, விசைப்பலகையையே மாற்றிவிட்டுக் காசு வாங்கினார்கள். புதுசிலும் விளக்கு முன்போலத்தான். அடுத்தது மதர்போர்ட் என்றார்கள். நான் போய் மெசினைத் திருப்பி வாங்கிவந்தேன். அந்தக் காசு போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடந்தது இவ்வளவுதான். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபின், மாமா இங்கிருந்தே சென்னை போய்வருகிறார். ஏறியதும் விமானப் பயன்முறையைப் போடுவார், விளக்கு எரியும். பாட்டுக் கேட்க புளூடூத்தை மட்டும் திறப்பார், விளக்கு அணைந்துவிடும். வைஃபை மூடித்தான் இருக்கும்.

அது ஏசுஸ் மெசின், உள்ளே உபுண்டு. உங்களிடமும் கிட்டத்தட்ட இதுதான் இருக்கும். லினக்ஸின் கருவான கேர்னலில் வைஃபை, புளூடூத் போன்றவற்றைத் தடுப்பதும் திறப்பதும் ஆர்எஃப்கில் என்ற பகுதி. 2018இல் அதனோடு 'ஆர்எஃப்கில்-நன்' என்ற டிரிகர் சேர்ந்தது. எல்லா அலைபரப்பிகளும் தடைபட்டிருந்தால் மட்டுமே அது விளக்கை எரிக்கும். புளூடூத் ஒன்று திறந்தாலும் அணைத்துவிடும். விளக்கு தன் விதிப்படிதான் நடந்தது.

அந்த விதி எனக்குப் போதாது. விமானப் பயன்முறை என்பது ஆள் எடுத்த முடிவு. கேர்னலுக்குத் தெரிவது எந்த அலைபரப்பி திறந்திருக்கிறது என்பது மட்டும். முடிவை அறிந்தது பயனர் பக்கத்து மென்பொருள், எனவே விளக்கும் அதன் கையில்தான் இருக்கவேண்டும். ஏசுஸின் இந்த விளக்குக்கு டிரைவர் எழுதிய ஜோவா பாவ்லோ ரேஷி வீட்டா 2016இலேயே இப்படி ஒரு வழியை ஆர்எஃப்கில்லுக்குள் கொண்டுவர முயன்றார். அது கேர்னலில் நிலைக்கவில்லை. ஆனாலும் சிஸ் அடைவு வழியாக நாமே செய்யலாம்.

'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கட்டளையால் தடைகளைப் பாருங்கள். பிறகு சிஸ், கிளாஸ், லெட்ஸ் என்று இறங்கி, ஏர்பிளேன் என்று முடியும் அடைவைத் திறவுங்கள். டிரிகர் கோப்பில் சதுர அடைப்புக்குள் இருப்பதே இப்போது ஆளும் டிரிகர்.

பலர் சறுக்குவது இங்கேதான். டிரிகரைக் கழற்றாமல் பிரைட்னஸ் கோப்பில் எழுதுகிறார்கள். 0 எழுதினால் டிரிகர் தானாகக் கழன்றுவிடும். 1 எழுதினால் கழலாது, அடுத்த முறை புளூடூத்தைத் திறக்கும்போது அது விளக்கைத் திரும்பவும் பறித்துக்கொள்ளும். அதனால் பாதி நேரம் சரியாகவும் பாதி நேரம் பிழையாகவும் காட்டும். 'லூஸ் கொன்ராக்ட்' என்று கடைக்காரர் சொன்னால் நம்பத்தான் தோன்றும். எனவே முதலில் டிரிகர் கோப்பில் 'நன்' என்று எழுதுங்கள், அதன்பிறகே 1 அல்லது 0.

பிரைட்னஸ் கோப்பில் எழுத ரூட் அனுமதி வேண்டும். அதற்காக விளக்கை ஆளும் நிரல் முழுவதையும் ரூட்டாக ஓட்டாதீர்கள். அந்த ஒரு கோப்பை மட்டும் ஒரு குழுவுக்குத் திறந்துவிடும் யூடெவ் விதி போதும். மெசினை அணைத்துப் போட்டால் பழைய டிரிகர் வந்துவிடும், அதே விதியில் 'நன்' எழுதுவதையும் சேருங்கள். நிரல் நின்றுபோனால் ஆர்எஃப்கில்-நன்னைத் திருப்பிப் போட ஒழுங்கு செய்யுங்கள். யாரும் ஆளாத விளக்கு பொய் சொல்லும்.

இனி யாராவது லைன் போய்விட்டது என்றால், காசு எடுக்கமுன் அவர் முன்னாலேயே 1 எழுதுங்கள், 0 எழுதுங்கள். விளக்கு இரண்டுக்கும் பணிந்தால் லைன் நல்லாயிருக்கிறது. மெசினை வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கள்.