கப்பலேறிய தாத்தாவைத் தேடுகிறீர்களா? அக்காவின் 7 டிப்ஸ்

எங்கள் ஆச்சியின் தாத்தாவுக்கு ஒரு தம்பி. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். "போனாரு, ஒரு கடுதாசி வந்துதாம், அவ்வளவுதான்" என்பார் ஆச்சி. திருவனந்தபுரம் கரமனையில் உட்கார்ந்துகொண்டு அவரைத் தேடத் தொடங்கிய நான், எடுத்த எடுப்பில் கப்பல் பட்டியலைத் திறந்தேன். ஒரே பெயரில் வரிசையாக ஆட்கள்! யாரைப் பார்த்தாலும் நம்ம தாத்தா மாதிரியே இருந்தது. தங்கச்சிகளா, அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

1. முதலில் ஆச்சி, பிறகுதான் கப்பல்
போனவரின் தகப்பன் பெயர், ஊர், ஏறக்குறைய எந்த வருடம், யாரோடு போனார் என்ற நான்கையும் கேட்டு போனில் பதிவு செய்யுங்கள். உடம்பில் தழும்போ மச்சமோ இருந்ததாகப் பேச்சு உண்டா என்றும் கேளுங்கள். நேட்டால் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் இவற்றோடு அங்க அடையாளத்துக்கும் இடம் உண்டு.

2. எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள்
நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனது 1860 முதல் 1911 வரை. மொரீஷியசுக்கு 1834 முதலே போனார்கள். ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் விட்டது 1903இல்தான். இலங்கை, மலாயா என்றால் பெரும்பாலும் கங்காணி (ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிப் போகும் மேஸ்திரி) வழி. ஆளுக்கொரு எண் போட்ட பட்டியலை அங்கே எதிர்பார்க்காதீர்கள். 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்குப் போனவர் என்றால், வீட்டுப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட் கிடக்கிறதா என்று பாருங்கள்.

3. எண்ணைப் பிடியுங்கள்
1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை வந்த 1,52,184 பேருக்கும் எண் உண்டு. பெயர் பலருக்கு ஒன்றாக இருக்கலாம், எண் ஒருவருக்குத்தான். அங்கே வாழும் சொந்தக்காரர் யாராவது கிடைத்தால், வீட்டிலுள்ள பழைய சான்றிதழ்களில் அந்த எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

4. பெயரை ஓசையாகத் தேடுங்கள்
எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததைத்தான் ஆங்கிலத்தில் எழுதினார். முத்துசாமி 'மூத்தூசாமி' ஆவார், ழகரம் லகரமாகும், வேலாயுதம் பாதியில் நிற்பார். ஐந்தாறு விதமாக எழுதிப் பார்த்துத் தேடுங்கள்.

5. குடும்பப் பெயரை நம்பாதீர்கள்
நிலையான குடும்பப் பெயர் இல்லாதது நமக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. 1825இல் ஸ்டவாங்கரிலிருந்து 'ரெஸ்டவுரேஷன்' கப்பலில் நியூயார்க் போன நார்வேக்காரர்களின் வழிவந்தவர்களும் இதே பாடுதான் படுகிறார்கள். அங்கேயும் அன்று ஓலேயின் மகன் ஓல்சன். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறியது. அவர்கள் பண்ணையின் பெயரை வைத்து ஆளைப் பிடிக்கிறார்கள். நமக்குத் தகப்பன் பெயரும் ஊரும் வீட்டுப்பெயரும்தான் பிடி. ஒன்று கவனம்: அங்கே போன பிறகு, தகப்பன் பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

6. ஊரை அன்றைய வரைபடத்தில் பாருங்கள்
'சென்னை' என்பது கப்பலேறிய துறைமுகம். சொந்த ஊர் அல்ல. கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை நான்கும் 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. ஆகவே நாகர்கோவில் பக்கத்து ஆளைத் திருவிதாங்கூர் என்றும் தேடுங்கள்.

7. இங்கே உள்ள காகிதத்தோடு ஒத்துப் பாருங்கள்
பழைய ஆதாரத்தில் (நிலப்பத்திரத்தில்) பங்காளிகளின் பெயர், தகப்பன் பெயர், வீட்டுப்பெயர் எல்லாம் கிடைக்கும். திருவிதாங்கூர்ப் பத்திரம் என்றால் வருடம் கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆவணி (சிங்ஙம்) முதல் டிசம்பர் வரை 824, ஜனவரிக்குப் பிறகு 825 கூட்டுங்கள். "99ஆம் ஆண்டு வெள்ளம்" என்று பெரியவர்கள் சொல்வது 1099. அதாவது 1924 ஜூலை. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். திருவிதாங்கூர் அரசுக் காகிதங்களுக்குக் திருவனந்தபுரம் கோட்டையில் உள்ள மத்திய ஆவணக் காப்பகம், மதராஸ் மாகாணத்துக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். மொரீஷியஸ் குடியேற்ற ஆவணங்கள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

தகப்பன் பெயர், ஊர், வயது மூன்றும் பொருந்தினால் மட்டும் "இவர்தான்" என்று சொல்லுங்கள். இரண்டு பொருந்தினால் பென்சிலில் எழுதி வையுங்கள். என் நோட்டில் நேட்டால் தாத்தா இன்னும் பென்சிலில்தான் இருக்கிறார்.

கப்பல் பட்டியல் எங்கும் ஓடிப்போகாது. உங்கள் வீட்டு ஆச்சிக்கு வயதாகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.