பழைய டீசல் வண்டி வாங்குமுன்

ஆம்பூர், வேலூர்ச் சந்தைகளுக்குக் காய்கறி ஏற்றப் பழைய டீசல் பிக்கப் வண்டி வாங்க விரும்பும் உழவர் பலர் நம்மிடம் யோசனை கேட்கின்றனர். அவர்களை நாம் முதலில் வினவுவது ஒன்றே: அவ்வண்டி இதுகாறும் எதனைச் சுமந்தது?

இப்பகுதித் தோல் தொழிலில் பச்சைத்தோல் கெடாதிருக்க உப்பிடப்படுகிறது. அதிலிருந்து வடியும் உப்புநீர் சேசிஸ் சட்டத்தை அரித்துவிடும். புதிய பெயிண்ட் அதனை மறைத்துவிடும். ஆகையால் வண்டியின் அடியிற் சென்று, சட்டத்தையும் ஸ்பிரிங் பட்டை பொருந்தும் இடங்களையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தல் வேண்டும். துரு செதில் செதிலாக உதிருமாயின், விலை எவ்வளவு குறைவாயினும் அதனை விட்டுவிடுதல் நலம்.

என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அதனை இயக்கிப் பார்க்க வேண்டும். நீலப்புகை நீடிப்பின் ஆயில் எரிகிறது என்று கொள்க. பாரம் இழுக்கையில் கரும்புகை மிகுந்தால் இன்ஜெக்டரையோ காற்று வடிகட்டியையோ சோதிப்பிக்க வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் கடன் குறிப்பு இருந்தால், அது தீர்ந்ததற்கு 35ஆம் படிவம் பெறுக. பெயர் மாற்றத்திற்கு 29, 30ஆம் படிவங்கள் தேவை. பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளாயின், பதிவிலுள்ள பழைய உரிமையாளரே பொறுப்பாவார் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே விற்பவரும் இதில் அசட்டையாய் இருத்தலாகாது.

நம்பகமான மெக்கானிக்குக்கு அளிக்கும் ஒரு நாட்கூலி வீண் செலவன்று. அடகு வைத்த நகை வீடு திரும்புவது அதனைப் பொறுத்தது.