முடிவுக்கு முன் சான்று

அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞானசித்தியாரின் பரபக்கம், உலகாயதம் முதலாகப் 14 பிறமதக் கொள்கைகளை முதலில் எடுத்துரைத்து, பின்னரே மறுக்கின்றது. சைவசித்தாந்தம் கொள்ளும் அளவைகள் காட்சி, கருதல், உரை என மூன்று. உரை என்பது எவர் சொல்லும் அன்று, நம்பத்தக்கோர் சொல்லே.

அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளின் கட்டுரைக்கும் இதுவே வழி. “திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வேண்டுமா?” என்றால், பிள்ளைகள் உடனே ஒரு பக்கஞ் சார்ந்து, பின்பே காரணந் தேடுவர். அவ்வாறன்றி, கண்டவை, கருதியவை, கேட்டவை என மூன்றாகப் பிரித்தெழுதச் செய்தல் வேண்டும். அயலில் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனின் நியாயத்தையும், வீட்டிலிருந்தே தேவாரங் கேட்கும் முதியவரின் நியாயத்தையும் அவரவர் ஒப்பும்படி எழுதிய பின்னரே தம் முடிவை எழுதுதல் நன்று.

சான்று கண்டு கருத்தை மாற்றுவது தோல்வியன்று. கேட்டதைக் கண்டதாக எழுதும் பழக்கமே ஊரைப் பிரிப்பது. அதனைப் பிள்ளைப் பருவத்திலேயே களைதல் பெற்றோர், ஆசிரியர் கடனாகும்.