துருவும் பொறுமையும்

சென்ற மழைக்காலம் முழுதும் குகட்பள்ளிச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டினேன். காலணியின் அடியில், பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் தகடு தேய்ந்துவிட்டது. மாற்ற முனைந்தால், அதன் இரு திருகாணிகளும் துருவேறி இறுகியிருந்தன. அவசரப்பட்டு 4 மி.மீ. அல்லன் சாவியை முறுக்கினேன். ஒன்றின் அறுகோணக் குழி மழுங்கி வட்டமாயிற்று!

துரு, தான் தின்ற இரும்பைவிட மிகுந்த இடம் கொள்வது; ஆதலின் மரைகளுக்கிடையே ஆப்புப்போல் இறுகுகிறது. மற்ற ஆணியிடம் பணிவு காட்டினேன். குழியிலிருந்த மண்ணை ஊசியால் அகற்றி, துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு காத்திருந்தேன். காலையில் சாவியை அடிவரை தட்டி இறக்கி, அழுத்தியபடி இடப்புறம் திருப்பினேன், கழன்றது. மழுங்கிய ஆணியின் தலையையோ டிரில்லால் குடைந்தெடுத்து, மிஞ்சிய தண்டைக் குறட்டால் திருக நேர்ந்தது.

புதிய ஆணிகளின் மரையில் கிரீஸ் தடவியே பூட்டினேன். ஓர் இரவு பொறுக்காததற்கு ஒரு பகலை இழந்தேன், நீங்கள் இழக்கவேண்டாம்.