செம்பு பாய்லர்: புகையில்லாமல் வெந்நீர் போட

பரணில் கிடந்த செம்பு பாய்லரை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, ஆசையாக விறகு வெந்நீருக்குத் திரும்புகிறவர்கள் பலர் ஒரே வாரத்தில் அலுத்துக்கொள்கிறார்கள். "ஒரே புகை. ஒரு கூடை விறகு போட்டும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை" என்கிறார்கள். பாய்லர்மேல் தப்பில்லை. நடுக்குழாயை அடைத்து அடைத்து நிரப்புவதுதான் தப்பு.

முதலில் தண்ணீர், பிறகுதான் தீ. வெறும் பாய்லரில் மூட்டினால், ஈயப்பற்று 200 டிகிரி வாக்கிலேயே இளகி ஒழுக ஆரம்பித்துவிடும். அடியில் குழாய் வைத்த பாய்லர் என்றால், தணல் இருக்கும்வரை கடைசிச் சொட்டுவரை பிடிக்காதீர்கள். நேற்றைய சாம்பலை மிச்சமில்லாமல் அள்ளிவிடுங்கள்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். நடுக்குழாய்தான் அடுப்பு, அதுவேதான் புகைபோக்கி. கீழே சாம்பல் வாய் வழியாகக் காற்று நுழைந்து, சல்லடையைத் தாண்டி மேலே ஏற வேண்டும். முழுக் கொட்டாங்குச்சிகளை மேலிருந்து கொட்டினால், அடுக்கி வைத்த கிண்ணம்போல ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து அந்த வழியை அடைத்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் மூன்று நான்கு சில்லாக உடைத்துக்கொள்ளுங்கள். சல்லடைமேல் காய்ந்த பன்னாடையைக் கசக்கிப் போட்டு, விரல் பருமன் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வையுங்கள். அதன்மேல் நாலைந்து சில்லு போதும். ஒரு சூடத்தைக் கொளுத்திச் சாம்பல் வாய் வழியாக உள்ளே தள்ளுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பாலித்தீன் பையைச் செருகுவதும் வேண்டவே வேண்டாம். விறகு காய்ந்திருந்தால் இரண்டுமே தேவைப்படாது.

தீ பிடித்ததும் குழாய்க்குள் 'கும்'மென்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும். அதுவரை எதையும் போடாதீர்கள். அதன்பிறகும் கைப்பிடி கைப்பிடியாகத்தான். குழாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எப்போதும் நிரப்பக் கூடாது. வெள்ளைப் புகை திரண்டு வந்தால் ஊதவும் வேண்டாம், விறகு சேர்க்கவும் வேண்டாம். சாம்பல் வாயை முழுக்கத் திறந்து, கம்பியால் அடியிலிருந்து கிளறி விட்டுச் சற்றுப் பொறுங்கள். நெருப்புக்குப் பசியில்லை, மூச்சு முட்டுகிறது. மாறாக, குழாயின் வாய்க்கு மேலே சுடர் எட்டிப் பார்த்தால் சூடு வானத்துக்குப் போகிறது என்று பொருள். சாம்பல் வாயைப் பாதி மூடுங்கள்.

விறகு காய்ந்தே இருக்க வேண்டும். பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர்தான். அதை ஆவியாக்கிய பிறகுதான் உங்கள் தண்ணீருக்குச் சூடு மிஞ்சும். சவுக்கு, புளி, சீமைக்கருவேல் மூன்றும் நின்று எரியும். முருங்கை வீண். அரளிக் குச்சி கலந்துவிடாமல் பாருங்கள், அதன் புகையே நஞ்சு. என்னைக் கேட்டால் கொட்டாங்குச்சிக்கு ஈடு எதுவுமில்லை.

இருபது லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 2,900 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 15,000 கிலோஜூல் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வீணானாலும் 600 கிராம் போதும். கூடை காலியாகிறது என்றால் விறகு ஈரம், அல்லது நடுக்குழாயின் உட்புறம் கரி படிந்திருக்கிறது. கரிப்படலம் சூட்டைத் தண்ணீரிடம் போகவிடாது. வாரம் ஒருமுறை, பாய்லர் ஆறியிருக்கும்போது, ஈர்க்குச்சி விளக்குமாற்றைக் கழியில் கட்டி மேலும் கீழும் இழுத்துவிடுங்கள்.

சுடர் அடங்கித் தணல் மட்டும் கனியும்போது புகை தெரியாது. "இப்போதுதான் புகையில்லையே" என்று சிலர் பாய்லரைக் குளியலறைக்குள் நகர்த்திக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் அது ஆளையே கொன்றுவிடும். மழையோ பனியோ, பாய்லர் வெளியிலேயே இருக்கட்டும். வெந்நீரை மட்டும் வாளியில் பிடித்து உள்ளே கொண்டுபோங்கள்.