மூலையில் முழங்கும் சப்வூஃபர்

எங்கள் ஹால் 12 அடிக்கு 10 அடி. பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் சப்வூஃபருக்குத் தனி அவுட்புட் இல்லை. பவர்டு சப்வூஃபர் சேர்க்க முடியுமா?

தாராளமாக முடியும். பவர்டு சப்வூஃபருக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் பழைய ஆம்ப்ளிஃபயருக்குக் கூடுதல் சுமை இல்லை. ‘ஹை லெவல் இன்புட்’ உள்ள மாடலை வாங்கி, ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே வயர் இழுத்தால் போதும். இந்த ஹாலுக்கு 8 அல்லது 10 அங்குல சப்வூஃபரே நிறைவு. 12 அங்குலம் பக்கத்து வீட்டாருக்குத்தான் பயன்படும்.

வைக்கும் இடம்தான் பாதி வேலை. மூலையில் வைத்தால் பாஸ் கூடும். ஆனால் சில சுரங்கள் மட்டும் முழங்கும். 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் அருகே அப்படியொரு வீக்கம் இயல்பு. சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, சப்வூஃபரை நீங்கள் உட்காரும் நாற்காலியில் ஏற்றி, பாஸ் கிட்டார் தெளிவாக ஒலிக்கும் பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்க வேண்டும் (விருந்தாளி வராத நேரமாக). ஒவ்வொரு சுரமும் சீராகக் கேட்கும் இடமே அதன் இடம்.

சிறிய ஸ்பீக்கர்களுக்கு கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். பாஸ் கொழகொழத்தால் 60க்கு இறக்கலாம். வால்யூம், சப்வூஃபரை அணைக்கும்போதுதான் அது இருந்ததே தெரியும் அளவில் இருந்தால் போதும். ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் கேட்டு, பாஸ் நிறைவாக ஒலிக்கும் பக்கம் விட்டுவிடலாம்.