ஹெப்படைட்டிஸ் சி வைரஸும் பாடபேதமும்

கோவில்பட்டிக் கரிசலிற் பிறந்தார்க்குப் பருத்தியெல்லாம் ஒரு பருத்தியன்று. கருங்கண்ணி வேறு, உப்பம் வேறு. கருங்கண்ணியுள்ளும் 1901-ஆம் ஆண்டில் இவ்வூரில் நிறுவப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'கே' வரிசை வகைகள் பல. கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி வைரஸையும் மருத்துவ நூலார் இங்ஙனமே வகையும் உள்வகையுமாகப் பகுத்துள்ளனர். பருத்தியைக் கண்ணாற் கண்டு பிரிக்கலாம். கண்ணுக்குப் புலனாகாத இதனைப் பிரிக்குமாறு யாங்ஙனம்? அதனை ஈண்டு நோக்குவாம்.

1989-இல் கண்டறியப்பட்ட இவ்வைரஸின் அகத்தே ஆர்.என்.ஏ. என்னும் ஓரிழை உண்டு. நான்கே எழுத்துக்களால், ஏறத்தாழ 9,600 எழுத்து நீளம் எழுதப்பட்ட சுவடி அஃது எனலாம். வைரஸ் தன்னைப் படியெடுக்குங்கால் பிழை திருத்துவார் இல்லை. ஆதலின் பிழைமேற் பிழை பெருகும். ஏடெழுதுவோரால் பாடபேதம் மிகுந்த வரலாறு தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. இருவேறு வகைகளை ஒப்பிடின் நூற்றுக்கு ஏறத்தாழ 30 எழுத்துக்கள் வேறுபடும். ஒரே வகையின் உள்வகைகளுக்குள் 15 முதல் 25 வரை. இவ்வாறு எட்டு வகைகள் எண்ணப்பட்டுள்ளன. 1ஏ, 1பி, 3ஏ என்பன போல உள்வகைகள் குறிக்கப்படும். எட்டாம் வகை 2018-இல் அறிவிக்கப்பட்டது. கனடாவில் அது காணப்பட்ட நோயாளர் நால்வரும் நம் நாட்டுப் பஞ்சாபைச் சார்ந்தோர் என்பது குறிக்கத்தக்கது.

சோதனையாளர் குருதியினின்றும் ஆர்.என்.ஏ.யைப் பிரித்து, டி.என்.ஏ.யாக மாற்றி, பி.சி.ஆர். முறையாற் பல கோடிப் படிகள் எடுப்பர். பின்னர் எப்பகுதியைப் படிப்பது என்பதே வினா. சுவடியின் தலைப்பகுதி எல்லா வகைகளிலும் பெரிதும் ஒன்றுபோலவே உள்ளது. அதனாற் படியெடுத்தற்கு எளிது. ஆயின் வேற்றுமை காட்டாது. எல்லாப் பிரதியினும் மாறாது நிற்குங் காப்புச் செய்யுளைக் கொண்டு பிரதியின் மரபை அறிய முயல்வது போன்றது அது. அப்பகுதியை மட்டும் நம்பினால் 1ஏ, 1பி மயங்கும். ஆறாம் வகையிற் சில முதல் வகையாகவே தோன்றும். ஆகவே, 'கோர்', 'என்.எஸ்.5பி' முதலிய வேற்றுமை மிக்க பகுதிகளைப் படித்து, அறிந்த வகைகளோடு ஒப்பிடுவர்.

இதனாற் பயன் யாது? இன்டர்ஃபெரான் ஊசி வழங்கிய காலத்தில், 1, 4 வகையினர்க்கு 48 வாரமும், 2, 3 வகையினர்க்கு 24 வாரமும் மருத்துவம் விதிக்கப்பட்டது. வகையறியாது தொடங்குதல் அரிது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் பத்தாண்டுச் சோதனைகளைத் தொகுத்து 2013-இல் வெளியிட்டபோது மூன்றாம் வகையே மிக்கிருந்தது. அடுத்தது முதல் வகை.

இன்று நிலை மாறிற்று. சோபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் என்னும் மருந்துகள் இணைந்து எல்லா வகைகளையும் வெல்வன. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்திற் சோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைப்பன. பெரும்பாலார்க்கு வகைச் சோதனை முதற்கண் வேண்டப்படுவதில்லை. கூலி வேலையாளர்க்கு இஃது எத்துணைப் பெரிய ஆறுதல்! அவர் முதலிற் கேட்கவேண்டுவது ஆர்.என்.ஏ. சோதனை. எதிர்ப்பொருட் சோதனை நோய் உண்டெனக் காட்டினும், தொற்றியோருள் நூற்றுக்கு 15 முதல் 45 பேர் வரை மருந்தின்றியே வைரஸ் நீங்கியவராவர். எதிர்ப்பொருளோ நீங்காது எஞ்சும்.

எனினும் வகைச் சோதனை வழக்கொழிந்ததன்று. மருந்துண்டும் நோய் மீளின், எஞ்சியதோ புதிதாய்த் தொற்றியதோ என அறிய அது வேண்டும். முன்னது 3ஏ, பின்னது 1பி எனின் புதிய தொற்றே. இரண்டும் 3ஏ ஆயின் அவ்வளவில் முடிவு கூறலாகாது. எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டே துணிதல் வேண்டும்.